பனியன் லைனில் நம் பிள்ளைகள் இல்லை: ஆள் பற்றாக்குறையா, கூலிப் பற்றாக்குறையா?

#1 தையல்நூல் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம் இது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986இல் வேடசந்தூர் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்தவன் நான். கைமடியில் தொடங்கி, ஓவர்லாக் மெஷின் பழகி, பவர்டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின் வரிசை) காண்ட்ராக்ட் எடுத்து, இப்போது 57 வயதில், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்று நடத்துகிறேன். போன சனிக்கிழமை வாரச் சம்பளம் போடும்போது பேரேட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு கணக்கு எடுத்தேன். மொத்தம் 62 பேர். அதில் 41 பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். மீதி 21 பேர் நம்மவர்கள். அந்த 21 பேரில் வயது குறைந்தவருக்கு 43. செக்கிங் டேபிளில் நிற்கும் அம்மாக்களில் நான்கு பேர் 60 தாண்டியவர்கள். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்டை, கறை பார்க்கிறார்கள்.

நான் வந்த காலத்தில் கம்பெனி வாசலில் விடிகாலையில் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை என்று எல்லா ஊர்ப் பேச்சும் காதில் விழும். இன்றைக்கு அந்த வாசலில் இந்தியும் ஒடியாவும் கேட்கிறது. எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. என் யூனிட் ஓடுவதே அவர்களால்தான். ஆனால் நம் பையன்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி மட்டும் விடாமல் அரிக்கிறது.

இதை எழுத வைத்தது இன்னொரு சம்பவம். இரண்டு மாதம் முன்பு பெரியப்பா இறந்துவிட்டார் என்று ஊருக்குப் போனேன். பாடையைத் தூக்க ஆள் போதவில்லை. தெருவில் இருந்த ஆண்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. கடைசியில் ஒட்டன்சத்திரத்திலிருந்து சொர்க்க ரதம் வரவழைத்தோம். நான் சிறுவனாக இருந்தபோது அதே தெருவில் தோள் கொடுக்க ஆட்கள் போட்டி போடுவார்கள். என் அம்மாவுக்கு 84 வயது. அதே தெருவில் தனியாக இருக்கிறார். திருப்பூர் வரமாட்டேன் என்கிறார்.

தையல் லைனில் இளைஞர் இல்லை. ஊரிலும் இல்லை. இரண்டும் ஒரே விஷயமா, வேறு வேறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


#2 ஓய்வுபெற்ற ஆசிரியை (திருச்சி)

தம்பி, இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள்தான். முப்பது வருடம் புள்ளியியல் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன்.

1971இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.9 குழந்தைகள். 2000 வாக்கில் அது 2.1க்கு வந்துவிட்டது. தாயும் தந்தையும் போன பிறகு அவர்கள் இடத்தை நிரப்ப அவ்வளவு வேண்டும், அதற்குக் குறைந்தால் காலப்போக்கில் மக்கள்தொகை சுருங்கும். நாம் அங்கேயும் நிற்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8. ஆண்டுதோறும் பிறப்பு இறப்பைக் கணக்கிடும் மாதிரிப் பதிவு முறையின் 2020 கணக்கில் 1.4. இரண்டும் வேறு வேறு முறையில் எடுத்தவை, அதனால்தான் எண் மாறுகிறது. போகும் திசை ஒன்றே.

இப்போது உங்கள் லைனுக்கு வாருங்கள். இன்று 20 வயதில் தையல் பழக வரவேண்டிய பையன் 2000க்குப் பிறகு பிறந்தவன். அந்த வருடங்களில் நம் வீடுகளில் இரண்டுக்கு மேல் பிள்ளை இல்லை. நீங்கள் 1986இல் வந்தபோது வீட்டில் எத்தனை பேர்? நான்கு, ஐந்து இருந்திருக்கும். ஒருவன் காட்டைப் பார்த்துக்கொண்டான், ஒருவன் திருப்பூர் வந்தான், ஒருத்தியைக் கட்டிக்கொடுத்தார்கள், கடைசிப் பிள்ளை அம்மாவோடு இருந்தது. இன்றைக்கு அந்த ஒற்றைப் பிள்ளையே எல்லாமாக இருக்க வேண்டியிருக்கிறது. எங்கே போனாலும் மற்ற இடம் காலி.

இருக்கிற பிள்ளைகளும் படிக்கப் போய்விட்டார்கள். உயர்கல்வியில் சேரும் விகிதம் 2021-22இல் நமக்கு 47 சதவீதம், நாடு முழுவதற்கும் 28.4. இது நாம் பெருமைப்பட வேண்டிய எண். பட்டம் வாங்கிய பையன் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார வரமாட்டான் என்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது.

முதியோர் பக்கம் பார்த்தால், 2011 கணக்கெடுப்பில் 60 வயதுக்கு மேற்பட்டோர் இங்கே 10.4 சதவீதம். 2021க்கான மதிப்பீடு 13.6. 2031இல் 18.2 ஆகும் என்கிறார்கள். கேரளம் இன்னும் முன்னால், 20.9. உங்கள் பெரியப்பா தெருவில் இப்போதே அந்த எண் 40, 50 சதவீதமாக இருக்கும், ஏனென்றால் இளைஞர்கள் வெளியேறிவிட்டார்கள். பிறப்பு குறைவது மாநிலத்தையே கிழமாக்குகிறது. இடம்பெயர்வு அந்த முதுமையைக் கிராமத்தில் குவித்துவிட்டு, இளமையைத் திருப்பூருக்கும் சென்னைக்கும் கொண்டுபோகிறது.


#3 மேதினம்

அம்மா சொன்ன எண்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘ஆள் இல்லை’ என்ற வார்த்தையை நான் அப்படியே ஏற்க மாட்டேன். எந்தக் கூலிக்கு ஆள் இல்லை, எத்தனை மணி நேரத்துக்கு ஆள் இல்லை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இருபது வருடமாகத் தொழிற்சங்கத்தில் இருக்கிறேன். ஒன்றரை ஷிஃப்ட், சில நாள் இரண்டு ஷிஃப்ட். ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு, பி.எஃப். சேமநிதி பாதிப் பேருக்குக் கிடையாது. நான்காண்டுக் கூலி ஒப்பந்தம் போடுகிறோம், அது உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட் காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. இதற்கு நம் பையன் வரவில்லை என்றால் அது அவன் சோம்பேறித்தனம் இல்லை. அவனுக்கு வேறு வழி இருக்கிறது, அவ்வளவுதான். பீகாரிலிருந்து வருபவனுக்கு அந்த வழி இல்லை.

இன்னொன்று. இடம்பெயர்ந்து வந்தவரைக் கம்பெனி விரும்புவதற்குக் காரணம் கூலி மட்டும் இல்லை. அவர் கம்பெனி ரூமிலேயே தங்குகிறார். ராத்திரி ஒரு மணிக்கு லாரி ஏற்ற வேண்டுமென்றால் எழுப்பலாம். தெவசம், காதுகுத்து, கோயில் நோன்பு என்று லீவு கேட்க மாட்டார். ரேஷன் கார்டு, ஓட்டு, உறவு எல்லாம் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. குரல் கொடுக்க அவருக்கு இங்கே யாரும் இல்லை.

1979இலேயே மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் வந்தது. மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகத் தர வேண்டும், போக வர ரயில் கட்டணம் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் மூலம் அழைத்து வரப்பட்டவருக்குத்தான் அது. தம்பி அண்ணனுக்கு போன் போட்டு, அண்ணன் ‘வா’ என்று சொல்லி, அவனே டிக்கெட் எடுத்து வந்தால் சட்டம் அவனைப் பார்க்கவே பார்க்காது. திருப்பூருக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்கள்தான். 2020இல் வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தானாக வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது, அது நல்லது. ஆனால் ஐந்து பேர் இருந்தால் போதும் என்றிருந்த வரம்பைப் பத்து பேராக்கிவிட்டார்கள், இடப்பெயர்ச்சிப் படியையும் எடுத்துவிட்டார்கள்.

தையல்நூல் அண்ணா, உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் யூனிட்டில் பீஸ் ரேட் பத்து வருடத்தில் எவ்வளவு ஏறியது, வீட்டு வாடகை எவ்வளவு ஏறியது என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.


#4 தையல்நூல் (திருப்பூர்)

பார்த்தேன் தம்பி. வாடகை மூன்று மடங்கு ஆகியிருக்கிறது. பீஸ் ரேட் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் எனக்கு மேலே இருக்கும் எக்ஸ்போர்ட்டர் எனக்கு ஒரு விலை சொல்கிறார், அவருக்கு மேலே, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அவருக்கு ஒரு விலை சொல்கிறார். வங்கதேசத்தில் இந்த விலைக்குச் செய்கிறார்கள், முடியுமா முடியாதா என்பதுதான் பேச்சு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது, கட்டிங் முடிந்த துணியை அப்படியே மூட்டை கட்டி வைத்தோம். அந்த மாதம் என்னிடம் இருந்த பீகார் பையன்கள் பன்னிரண்டு பேர் ஊருக்குப் போனார்கள். ஐந்து பேர் திரும்பவில்லை. கூலியை ஏற்ற மனம் இருந்தும் கை கட்டிக் கிடக்கிற ஆட்கள் இங்கே நிறைய.


#5 ஐடிஐ_பிட்டர்

அண்ணா எல்லோருக்கும் வணக்கம். நான் காஞ்சிபுரம் மாவட்டம். வயது 26. நம் பையன்கள் வருவதில்லை என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஐடிஐ முடித்துவிட்டு எங்கள் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை அங்கிருந்த ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார்: “லோக்கல் பசங்க வேண்டாம்னு மேல சொல்லியிருக்காங்க தம்பி. சேர்ந்து நின்னு கேள்வி கேப்பீங்க.” அந்தக் கம்பெனி நிற்கும் நிலம் எங்கள் ஊர்க்காரர்கள் கொடுத்தது. என் தாத்தாவின் அரை ஏக்கரும் அதில் இருக்கிறது.

உள்ளே நான் கேட்ட அதே வேலையைச் செய்யும் ஒடிசாப் பையன் எனக்கு நண்பன். அவனுக்கு லோக்கல் ஆளுக்குத் தர வேண்டியதைவிடக் குறைவாகத்தான் தருகிறார்கள். அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவன் கேள்வி கேட்க முடியாது என்பதால் எனக்கு வேலை இல்லை என்பதுதான் வருத்தம்.


#6 மேதினம்

தம்பி, நீ நான்கு வரியில் எழுதியதை நான் நாற்பது வரியிலும் சொல்லவில்லை. அவனுக்கும் உனக்கும் ஒரே கூலி, ஒரே உரிமை என்று ஆகிவிட்டால் உன்னை ஒதுக்குவதில் முதலாளிக்கு லாபம் இருக்காது. அதனால்தான் அவர்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் மல்லுக்கட்டுகிறோம். இந்தி தெரிந்த ஆள் இல்லாமல் கூட்டம் போட்டுப் போட்டு, இப்போதுதான் ஒடியாவில் துண்டறிக்கை அடித்திருக்கிறோம்.


#7 தாளடி (திருவாரூர்)

பனியன் பற்றி எனக்குத் தெரியாது, வயலைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு ஆறு ஏக்கர். நான்கு வருடமாக எங்கள் பக்கம் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்கள் ஒரு குழு. நாற்றங்காலில் இறங்கி அவர்களே நாற்றைப் பறித்து, முடி முடியாக (சிறு கட்டுகளாக)க் கட்டி, நட்டு முடித்துவிடுகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் போதும். நம் பக்கத்தில் நடவு பெண்கள் வேலை. அவர்கள் ஊரில் ஆண்களும் நடுகிறார்கள். முதல் வருடம் ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது.

எங்கள் ஊர் நடவாட்களில் இப்போது 50 வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. அவர்கள் பெண்பிள்ளைகள் திருப்பூர் போனார்கள், நர்சிங் படித்தார்கள், ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கும் கம்பெனிக்குப் போனார்கள். இந்தியாவில் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களில் 43 சதவீதம் தமிழ்நாட்டில்தான் என்கிறார்களே, அந்தப் பிள்ளைகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. சேற்றில் குனிந்த முதுகோடு தன் பிள்ளை நிற்கக் கூடாது என்று அந்த அம்மாக்கள்தான் படிக்க வைத்தார்கள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். வங்காளக் குழு வந்ததால் அந்த வயதான பெண்களுக்குக் கிடைத்துவந்த பத்துப் பதினைந்து நாள் கூலி போய்விட்டது. எனக்கு வேலை சீக்கிரம் முடிகிறது, செலவும் குறைகிறது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தவுடன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடவு வேண்டும், அப்போது காத்திருக்க முடியாது. ஆனால் என் வயலில் முப்பது வருடம் நட்ட அக்கா ஒருவர், 64 வயது, வரப்பில் வந்து நின்று “எங்களைக் கூப்பிடவே இல்லியே தம்பி” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் அவரையும் இன்னும் ஐந்து பேரையும் களையெடுக்கக் கூப்பிட்டேன். அது நடவுக்கு ஈடாகாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.


#8 கூடல்மகள் (மதுரை)

எல்லோரும் யார் வேலை செய்கிறார்கள் என்றே பேசுகிறீர்கள். முதுமை ஏற ஏற யார் வேலையை விடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். நான் விட்டேன்.

தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் பதினாறு வருடம் இருந்தேன். அம்மாவுக்கு மறதி நோய் வந்த பிறகு இரண்டு வருடம் சமாளித்துவிட்டு, 44 வயதில் ராஜினாமா செய்தேன். அண்ணன் ஜெர்மனியில். பணம் அனுப்புகிறான், தினமும் வீடியோவில் பேசுகிறான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அம்மா கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனால் பின்னால் ஓட ஜெர்மனியிலிருந்து முடியாது. என் தெருவிலேயே இப்படி வேலையை விட்டவர்கள் மூன்று பேர். மூவரும் பெண்கள். ஆள் பற்றாக்குறை என்று கணக்கு எடுப்பவர்கள் எங்களை எந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள்?

ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் வைத்துப் பார்த்தோம். பெயர்தான் நர்ஸ். யாருக்கும் பயிற்சி கிடையாது. முதலில் வந்தவர் பரமக்குடிப் பக்கம், 56 வயது. அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க அவருக்கே இடுப்பு தாங்கவில்லை. அப்புறம் வந்தது ஜார்க்கண்ட் பெண், 22 வயது. தமிழ் தெரியாது. ஆனால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பாஷையில் பேசிக்கொண்டே இருப்பாள். என்னையே அடையாளம் தெரியாத அம்மா அவளுக்குச் சிரிப்பார். நாங்கள் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கை ஏஜென்சி பிடித்துக்கொண்டது என்று அவள் போகும் அன்றுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அவளிடமே கொடுத்திருப்பேன். இன்னும் உறுத்துகிறது.

அரசுப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை தருகிறார்கள். எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு இயன்முறைப் பயிற்சியும் நடந்தது. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024இல் திறந்தார்கள். ஆனால் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில்தான் 1,000த்திலிருந்து மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதில் 60 முதல் 79 வயதுவரை மத்திய அரசின் பங்கு வெறும் 200. அந்தப் பணத்தில் ஒரு மாதத்துக்குப் பெரியவர்கள் கட்டும் டயப்பர்கூட வாங்க முடியாது. வாங்கிப் பார்த்தவள் சொல்கிறேன்.


#9 புதுகைக்காரன் (சிங்கப்பூர்)

மதுரை அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இங்கே நடப்பதைச் சொன்னால் உதவும் என்று எழுதுகிறேன்.

2007இல் வொர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலைக்கு வந்தேன். சிங்கப்பூர் நம்மைவிட வேகமாக முதுமை அடையும் நாடு. 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.97 குழந்தை. அவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், வெளிநாட்டு ஆட்களுக்கு ஒரு குழாய் வைத்து, அதைத் திருகி அளவு பார்த்துத் திறக்கிறார்கள். ஒவ்வொரு தொழிலிலும் உள்ளூர் ஆள் இத்தனை பேருக்கு வெளிநாட்டு ஆள் இத்தனை என்று கணக்கு. ஒவ்வொரு வெளிநாட்டு ஆளுக்கும் முதலாளி மாதம் அரசுக்கு லெவி எனும் கட்டணம் கட்ட வேண்டும். வீட்டு வேலைக்குப் பணிப்பெண் வைத்தால் மாதம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லெவி, ஆனால் வீட்டில் 67 வயது தாண்டிய பெரியவர் இருந்தால் 60 வெள்ளிதான். அதாவது முதியோரைப் பார்க்க ஆள் வைத்துக்கொள்ள அரசே வழி செய்கிறது. கூடவே உள்ளூர்க்காரர்கள் அதிக வயதுவரை வேலை செய்ய ஓய்வு வயதை 63லிருந்து 2026 ஜூலை முதல் 64 ஆக்குகிறார்கள். திட்டமாகப் பார்த்தால் மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் குழாயில் வரும் தண்ணீராக இருந்தவன் நான். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவி பிள்ளையை அழைத்து வர முடியாது. சி.பி.எஃப். எனும் சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். என்னோடு வேலை செய்த கறம்பக்குடி அண்ணன் 24 வருடம் இங்கே கம்பி கட்டினார். போன வருடம் 55 வயதில் ஊர் திரும்பினார். சேமநிதி இல்லை, பென்ஷன் இல்லை, வளர்ந்த பிள்ளைகளோடு பேச வார்த்தை இல்லை. இடுப்பில் தட்டு விலகியிருக்கிறது. இந்த நாட்டுக்கு அவருடைய இளமை கிடைத்தது, அவருடைய முதுமை புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 2015இல் எடுத்த தமிழ்நாட்டு இடம்பெயர்வு ஆய்வில் வெளிநாட்டில் இருந்த நம் ஆட்கள் சுமார் 22 லட்சம். எத்தனை பேர் இப்படித் திரும்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தையல்நூல் அண்ணா, உங்கள் லைனில் இருக்கும் அந்த 41 பேருக்கும் 50 வயது ஆகும்போது அவர்கள் எங்கே இருப்பார்கள்? இதைக் கேட்கத்தான் எழுதினேன்.


#10 பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கத்துக் கதையையும் ஒருக்கால் கேளுங்கோ. எங்கள் ஒழுங்கையில் (சின்னத் தெருவில்) பதினொரு வீடு. நான்கு பூட்டிக் கிடக்கிறது. ஐந்தில் 70 வயது தாண்டிய தனி ஆட்கள். பிள்ளைகள் கனடா, பிரான்ஸ், லண்டன். ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் கமரா பூட்டியிருக்கிறது. டொரன்டோவில் இருந்து மகள் பார்த்துவிட்டு, “அம்மா இன்னும் முத்தம் (முற்றம்) கூட்டேல்லை, என்ன சுகமில்லையோ எண்டு ஒருக்கால் பாருங்கோ” என்று எனக்கு அழைப்பாள். நான் போய்ப் பார்ப்பேன். எனக்கும் 61 வயது.

போர் கொண்டுபோனது ஒரு தலைமுறை. 2022 நெருக்கடியில் இலங்கை முழுக்க மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள், அது இன்னொன்று. தாதியரும் வைத்தியரும் அதற்குள் அடக்கம். வரும் காசில் வீடு மாளிகை மாதிரி நிற்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் மாற ஆள் தேடினால் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டுக்குக் குறைந்தபட்சம் வேறு மாநிலத்தார் வருகிறார்கள். எங்களிடம் வர எவரும் இல்லை. வருகிறவர்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.


#11 வைகறை

எல்லோருடைய அனுபவத்தையும் மதிக்கிறேன். ஆனால் நிறையப் பேர் மனதில் இருக்கும் பயத்தை யாராவது சொல்லியாக வேண்டும். பிள்ளை பெறுவதைக் குறைத்தோம், அதற்குப் பரிசாக நாடாளுமன்றத்தில் நம் இடம் குறையலாம் என்கிறார்கள். மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்குத் தொகுதி பிரிப்பதை 1976இல் நிறுத்தி வைத்தார்கள்; அந்தத் தொகுதிப் பங்கீடு 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பை வைத்து மறுபடி வரும். இன்னொரு பக்கம், வந்தவர்கள் இங்கேயே வாக்காளர்கள் ஆவார்கள். இருபது வருடம் கழித்துத் திருப்பூரில் கடைப் பலகை எந்த மொழியில் இருக்கும்? வந்தவர்களை வெறுத்து இதைக் கேட்கவில்லை. என் மொழி மேல் உள்ள அக்கறையில் கேட்கிறேன்.


#12 ஓய்வுபெற்ற ஆசிரியை (திருச்சி)

வைகறை, உங்கள் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன். தொகுதிப் பங்கீடு உண்மையான அநியாயமாக முடியலாம், அதை அரசியலில்தான் எதிர்க்க வேண்டும். ஆனால் அந்தக் கோபம் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பையன் மேல் திரும்பக் கூடாது. தொகுதியை அவன் பங்கிடவில்லை.

மொழி விஷயத்துக்கு மதுரையைப் பாருங்கள். சௌராஷ்டிரர்கள் நெசவுக்கு வந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. வீட்டில் அவர்கள் மொழி, தெருவில் தமிழ். மதுரைத் தமிழ் அவர்களால் அழியவில்லை, அவர்கள் இல்லாத மதுரையை யாராலும் நினைக்கவும் முடியாது. அவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள், தங்கினார்கள், பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு படித்தன. இன்று வருபவர்களைத் தனி ஆளாக ஷெட்டில் அடைத்து வைக்கிறோம். பத்து வருடம் இருந்தும் தமிழ் வரவில்லை என்றால் தமிழ் பேச அவனுக்கு யார் கிடைத்தார்கள்? வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்க இப்போது ஏற்பாடு தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் அக்கறைக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது.

நாமும் இப்படிப் போனவர்கள்தான். 1960களில் பம்பாயில் ‘மதராஸி’ என்று நம் ஆட்களை விரட்டி அடித்தார்கள். வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்பதுதான் அன்றைக்கும் குற்றச்சாட்டு.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த வரத்து முடிவில்லாதது என்று நினைக்காதீர்கள். அதே 2019-21 ஆய்வில் மேற்கு வங்கத்தில் ஒரு பெண்ணுக்கு 1.6 குழந்தைகள். நம்மைவிடக் குறைவு. ஒடிசா 1.8, நமக்குச் சமம். ஜார்க்கண்ட் 2.3, உத்தரப் பிரதேசம் 2.4. பீகார் மட்டும்தான் 3.0, அதுவும் இறங்கிக்கொண்டே வருகிறது. தாளடி தம்பியின் வயலுக்கு வரும் வங்காளக் குழுவில் இருபது வருடம் கழித்து ஆள் இருக்காது. அதிகம் பிள்ளை பெறச் சொன்னால் தீரும் என்பவர்கள் தென்கொரியாவைப் பார்க்கலாம். எவ்வளவோ பணம் கொட்டியும் 2023இல் 0.72க்கு வந்து நின்றது.


#13 தையல்நூல் (திருப்பூர்)

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது நிறைய.

வைகறை தம்பிக்கு மட்டும் ஒன்று. 2023 மார்ச் முதல் வாரம், வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோ பரவியதே, அந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை இருந்த ஆட்களில் பாதிப் பேர் திங்கட்கிழமை ஸ்டேஷனில். ஹோலிக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், பயந்து போகிறவர்கள் ஒரு பக்கம். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொன்ன பிறகும் பையன்கள் நம்பவில்லை. நான் ஸ்டேஷனுக்குப் போய் என் ஆட்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவன் சொன்னான்: “உங்களை நம்புகிறோம் அண்ணா, ஆனால் அம்மா போனில் அழுகிறாள்.” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சிங்கப்பூர்த் தம்பியின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரூமுக்குப் போனேன். எட்டு வருடமாக என்னிடம் ஃபிளாட்லாக் மெஷின் ஓட்டும் ராஞ்சிப் பக்கத்துப் பையனிடம், “ஐம்பது வயதில் என்ன செய்வாய்?” என்று கேட்டேன். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. அப்பாவுக்கு 71 வயது, பார்வை போய்க்கொண்டிருக்கிறது, அம்மா இல்லை, தம்பி சூரத்தில், பக்கத்து வீட்டில் சோறு கொடுக்கிறார்கள் என்றான். என் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டில்தான் குழம்பு வருகிறது. எட்டு வருடத்தில் இதை நான் கேட்டதே இல்லை.

இப்போதைக்கு என்னால் முடிந்ததை முடிவு செய்திருக்கிறேன். இதுவரை சேர்க்காமல் விட்ட ஆட்கள் எல்லோருக்கும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. அடுத்த மாதத்திலிருந்து. குடும்பத்தோடு வர விரும்பும் ஆறு பேருக்கு வாடகை முன்பணம் நான் கொடுத்து, மாதாமாதம் பிடித்துக்கொள்வேன். அதில் இரண்டு வீட்டில் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் உண்டு. பீஸ் ரேட்டைப் பற்றி எக்ஸ்போர்ட்டரிடம் பேச மேதினம் தம்பியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். என்ன நடக்கும் என்று தெரியாது.

ராஞ்சிப் பையனுக்கு ஒரு மாத லீவு. மெஷினை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறுகிறான். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடித்துவிட்டு, முடிந்தால் இங்கேயே கூட்டி வருகிறேன் என்றான். மொழி தெரியாத ஊரில் அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். “அதைத்தான் அண்ணா நானும் யோசிக்கிறேன்” என்றான்.

நானும் இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறேன். அம்மாவிடம் மறுபடி பேசிப் பார்க்க வேண்டும்.


#14 ஐடிஐ_பிட்டர்

அண்ணா, உங்கள் யூனிட்டில் மெஷின் பராமரிக்க ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வரத் தயார். தங்க இடம் கொடுத்தால் போதும், ஒடிசா நண்பனையும் அழைத்து வருகிறேன்.


#15 தையல்நூல் (திருப்பூர்)

வாங்க தம்பி. தனிச்செய்தியில் நம்பர் அனுப்புகிறேன். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம்.